ஐப்பசியில் நின்றுபோன மேசை

பேரன்புக்குரிய நூருன்னிஷா அவர்களுக்கு,

நலம் விசாரித்த பிறகே செய்திக்கு வர வேண்டும் என்பது கடிதத்தின் முறை. அந்த முறையிலிருந்து நான் ஒருநாளும் வழுவியதில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். இன்று வழுவுகிறேன். நீங்கள் நலமா என்று கேட்டால் பதில் எந்தத் திசையிலிருந்து வரும்?

ஆகவே நேரே செய்திக்கு வருகிறேன். உங்கள் மேசையை எடுத்துவிடப் போவதாகச் சொன்னார்கள். கல்லூரி நூலகத்தில் நுழைந்ததும் வலப்பக்கம், நாம் இருவரும் மாதாமாதம் புத்தகங்களை அடுக்கிவைத்த அதே மேசைதான். அந்த இடத்தில் பெரிய டிவி ஒன்றை மாட்டி, அறிவிப்புகளை அதில் ஓடவிடலாம் என்பது யோசனை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று, தையும் பாதி கடந்தது. மேசை மட்டும் நீங்கள் அடுக்கிய ஐப்பசியிலேயே நின்றது. மாதத்துக்கு ஒருமுறை மாறவேண்டிய மேசை மாறவே இல்லையென்றால், இது எதற்கு இங்கே என்று எவரும் கேட்கத்தானே செய்வார்கள்?

மாற்றாமல் வைத்திருந்தவள் நான். ஏன் மாற்றவில்லை என்பதை உங்களைத் தவிர வேறு யாரிடம் சொல்வேன்?

நாம் சந்தித்த கதையை நீங்கள் மற்றவர்களிடம் சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் கூட்டிச் சொல்வீர்கள். நான் உள்ளபடியே சொல்கிறேன். ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையில், மிக்ஸி கிரைண்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் கோமளவல்லியாகிய நான், உங்கள் கல்லூரி விடுதியின் கிரைண்டர் நின்றுபோனதால் அழைக்கப்பட்டு வந்தேன். வேலையை முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு திரும்பும்போது, திறந்திருந்த நூலகக் கதவைக் கண்டு நின்றுவிட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நான் படிப்பை விடவில்லை. பழைய பேப்பர் கடைக்கு எடைக்கு வந்த புத்தகங்களில் தொடங்கி, என் தமிழையும் என் தொழிலையும் நானே தேடிக்கொண்டேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை. ஆனால் அத்தனை புத்தகங்களை ஒரே கூரையின்கீழ் அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

"யாரைப் பாக்கணுங்க?" என்று கேட்டீர்கள்.

"மோட்டாருக்குக் காயில் கட்டுவது குறித்து விரிவாக உரைக்கும் நூல் ஏதேனும் தங்களிடம் உண்டா?" என்றேன்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள். "இருக்கு. ஆனா இப்படிக் கேக்குறவங்களுக்கு மொதல்ல டீ, அப்புறந்தான் புஸ்தகம்" என்றீர்கள்.

அக்கம்பக்கத்துப் பெண்களும் நூலகத்தைப் பயன்படுத்தட்டும் என்று கல்லூரியில் நீங்கள் வாதாடி, வெளிவாசகர் அட்டை என்ற ஒன்றைக் கொண்டுவந்தீர்கள். முதல் அட்டையில் என் பெயரை எழுதினீர்கள். என்னைவிடச் சற்றே இளையவரான உங்களை நீ என்றே அழைக்கும்படி பலமுறை சொன்னீர்கள். நான் இணங்கவில்லை. மதிப்பைக் குறைக்காமலே நெருங்க முடியும் என்பது என் கட்சி. "உங்ககிட்ட வாதாடி ஜெயிக்க முடியாதுக்கா" என்று விட்டுக்கொடுத்தீர்கள். விட்டுக்கொடுப்பதில் உங்களை ஜெயிக்க என்னால் ஒருநாளும் முடியவில்லை.

மேசை உங்கள் யோசனை. மாணவிகள் பாடப்புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறார்கள், மற்ற அலமாரிகளுக்குப் போகவே அவர்களுக்கு வழி தெரியவில்லை என்பது உங்கள் கவலை. அலமாரியிலிருந்து புத்தகத்தை வாசலுக்கே கொண்டுவந்துவிட்டால் என்ன என்று கேட்டீர்கள். மாதம் பிறந்ததும் மேசையின் இடப்பக்கத்தில் அந்த மாதத்தின் விழாக்களையும் நோன்புகளையும் பற்றிய புத்தகங்கள். வலப்பக்கத்தில், வீட்டில் கையால் செய்து பழகத்தக்க ஏதேனும் ஒரு வேலையைப் பற்றிய புத்தகங்கள். ஆடிக்குப் பதினெட்டாம் பெருக்கும் காவிரி அணைகளும் ஒருபக்கம், விதை விதைப்பது மறுபக்கம். மார்கழிக்குக் கோலமும் அதன் கீழேயே கணிதத் துறையிலிருந்து கேட்டு வாங்கிய வடிவியலும் ஒருபக்கம், கம்பளி பின்னுவது மறுபக்கம். நோன்புக் கஞ்சிக்கு மனையியல் துறையின் சத்துணவுப் புத்தகத்தை நீங்கள் வைத்தீர்கள். அதன் எதிரே குக்கர் வால்வைப் பழுதுபார்க்கும் புத்தகத்தை நான் வைத்தேன். "கஞ்சிக்கும் குக்கருக்கும் நல்ல பொருத்தம், பத்துக்குப் பத்து" என்றீர்கள்.

எந்த மாதக் கணக்கு என்பதில்தான் நமக்குள் முதல் சண்டை. கல்லூரிக்கு இங்கிலீஷ் மாதம் வசதி. நான் தமிழ் மாதத்தை விட்டுக்கொடுப்பதாயில்லை. கடைசியில் தமிழ் மாதமே ஜெயித்தது. "எங்க நோன்பு மாசம் பிறையோட நகர்ந்துக்கிட்டே இருக்கும்க்கா. உங்க பன்னெண்டு மாசத்துக்கும் ஒவ்வொரு வருஷமா விருந்தாளியா வந்து போகும். விருந்தாளிக்கு ஒரு ஓரம் ஒதுக்குங்க, போதும்" என்றீர்கள். ஒதுக்கினேன்.

நீங்கள் ஒருமுறை அறிவிப்புப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி மாட்டியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. "ஆடி அமாவாசை நல்வாழ்த்துகள்." நான் கடையைப் பூட்டிவிட்டு வந்து சேர்வதற்குள் பாதிக் கல்லூரி அதைப் படித்துவிட்டிருந்தது.

"செத்தவங்களுக்குத் தர்ப்பணம் குடுக்குற நாளுங்க அது! அதுக்குப் போயி யாராவது வாழ்த்துச் சொல்லுவாங்களா?" என்று பதறினேன். பதற்றத்தில் எனக்குச் செந்தமிழ் நிற்காது.

"விசேஷம்னு நீங்கதானே சொன்னீங்க! விசேஷம்னா வாழ்த்துத்தானே?" என்று தலையில் கைவைத்துக்கொண்டீர்கள். அன்றிலிருந்து பலகை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. "மாணவச் செல்வியர் அனைவரும் திரளாக வருகைதந்து நூற்பயன் எய்துமாறு அன்புடன் வேண்டப்படுகிறார்கள்" என்று நான் எழுதியதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது மேசையா, கும்பாபிஷேகமா?" என்று கேட்டீர்கள். கேட்டாலும் ஓர் எழுத்தைக்கூட மாற்றவிடவில்லை.

இந்த ஐப்பசிக்கு எல்லாவற்றையும் நீங்களே தேர்ந்தெடுத்தீர்கள். இடப்பக்கம் துலா மாதத்துக் காவிரி நீராடலும் தீபாவளி மருந்தும். வலப்பக்கம், மழைக்காலமாயிற்றே என்று, குடை பழுதுபார்ப்பது. உங்கள் அம்மாவின் பழைய கறுப்புக் குடையைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்துவைத்தீர்கள். முறிந்த கம்பிகள் இரண்டு. ஒன்றை மாணவிகள் முன்னிலையில் மாற்றிக் காட்டினேன். மற்றொன்றை அடுத்த செவ்வாய்க்கிழமை மாற்றலாம் என்று நிறுத்தினோம். அந்தச் செவ்வாய்க்கு நீங்கள் வரவில்லை.

மழைக்காய்ச்சல் என்றுதான் படுத்தீர்கள். நோய் இரத்தத்தில் என்று பிறகு சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் உங்கள் கை என் கைக்குள் காகிதம்போல் கிடந்தது. அந்த நிலையிலும் என்ன கேட்டீர்கள்?

"கார்த்திகை பொறந்துடுச்சேக்கா. மேசையை மாத்திட்டீங்களா?"

"நீங்க வாங்க. சேர்ந்து மாத்திக்கலாம்."

"நான் வர்ற வரைக்கும் பிள்ளைங்க ஐப்பசியிலயே கெடக்கணுமா?"

கிடக்கட்டும் என்றேன். சிரித்தீர்கள். அதற்குப் பிறகு நாம் பேசிக்கொண்டது ஒன்றுமில்லை.

கார்த்திகை வளர்பிறையில் வரும் கைசிக ஏகாதசியன்று காலை. கோயிலில் சேவைக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது என் கைப்பையில் போன் அடித்தது. உங்கள் பக்கத்து வீட்டுப் பெண். வரிசையை விட்டு வெளியேறியதும் பஸ் ஏறியதும் எனக்கு நினைவில்லை. காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னாலிருக்கும் உங்கள் தெருவில், வெள்ளைத் துணி போர்த்திய உங்கள் முகத்தைக் கடைசியாகக் காட்டினார்கள். பிறகு ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வாசலோடு நின்றோம். என் தெருவிலும் இதே வழக்கம்தான். என் கணவர் போன அன்றும் நான் வாசலோடுதான் நின்றேன். வழியனுப்பத் தகுந்த தூரம் அவ்வளவுதான் என்று இரண்டு தெருக்களும் எப்போது பேசிவைத்துக்கொண்டன?

அடுத்து நான் செய்ததைக் கேட்டால் நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். எங்கள் பக்கத்தில் பதின்மூன்றாம் நாளோடு துக்கம் கழியும். உறவினர் பழம் வெற்றிலையோடு வந்து, வீட்டாரைத் தேற்றிவிட்டுப் போவார்கள். பதின்மூன்று நாளை எண்ணி, தலைமுழுகி, ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலை பாக்கும் தட்டில் வைத்து, சொல்ல வேண்டிய ஆறுதல் மொழியையும் பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்துகொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். அங்கே ஒருவருமில்லை. உங்கள் அம்மா மட்டும் கதவைத் திறந்து தட்டைப் பார்த்தார்.

"வாம்மா கோமளா. என்ன, வெத்தலை பாக்கோட வந்திருக்கே? யாருக்குக் கல்யாணம்?"

மனப்பாடம் செய்தது அத்தனையும் போயிற்று. "பதிமூணாம் நாளுங்கம்மா…" என்று மட்டும் சொன்னேன்.

"எங்கள்ல நாப்பதாம் நாள்தாம்மா. அதுக்கு இன்னும் எவ்வளவோ கெடக்கு" என்றார். பிறகு தட்டை வாங்கிக் கீழே வைத்தார். ஒரு வெற்றிலையை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த வெற்றிலைமேல் அவர் கண்ணீர் விழ, நானும் அழுதேன். ஆறுதல் சொல்லப் போனவள் அழுதுவிட்டு வந்தேன்.

புறப்படும்போது கேட்டார். "எனக்குத் தமிழ் எழுத்துத் தெரியாதும்மா. ஓதத்தான் தெரியும். நூரு காலேஜுலேருந்து வந்ததும் காலை நீட்டி உக்காந்துக்கிட்டு, இந்த மாசம் மேசையில என்னென்ன வெச்சிருக்கோம், எந்தப் பொண்ணு எதை எடுத்துட்டுப் போனான்னு எல்லாத்தையும் சொல்லுவா. அதைக் கேட்டுத்தான் எனக்கு மாசம் மாறும். இப்ப என்ன வெச்சிருக்கீங்க?"

"ஐப்பசிங்கம்மா."

"கார்த்திகையே முடியப் போகுதேம்மா?"

இதற்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும், நூர்?

மறுநாள் நூலகத்துக்கு வந்து தேடினேன். எந்த வீட்டில் எத்தனை நாள் துக்கம், யார் யாருக்கு என்ன கடமை என்பதைத் தெரிந்துகொள்ளாமலா இத்தனை மாதங்களின் விசேஷங்களை மேசையில் அடுக்கினேன் என்று என்மேல் எனக்கே கோபம். நீங்கள் கற்றுக்கொடுத்தபடி கம்ப்யூட்டரில் சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். சமயம், சமூகவியல், நாட்டாரியல் என்று அலமாரி அலமாரியாக இறங்கினேன். மகன் செய்ய வேண்டியது இருந்தது. மனைவி இருக்க வேண்டிய நாட்கள் இருந்தன. சம்பந்தி கொண்டுவர வேண்டிய சீர் வரைக்கும் இருந்தது. தோழிக்கென்று ஒருவரும் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. உங்கள் சமயத்திலும் இல்லை, என் சமயத்திலும் இல்லை.

எங்கள் வீதிகளில், இறந்தவருக்கு முதல் வருஷம் மாதந்தோறும் அவர் போன திதியிலேயே மாசிகம் செய்வார்கள். அதற்கு இரத்த உறவு வேண்டும், ஆண்மகன் வேண்டும், உரிய மந்திரம் வேண்டும். என்னிடம் அதில் ஒன்றுமில்லை. ஏகாதசி விரதம் மட்டும் உண்டு. வெகுகாலமாகத் தண்ணீரோடு இருந்துவருகிறேன். மார்கழி தொடங்கி ஒவ்வொரு வளர்பிறை ஏகாதசியையும் உங்களுக்கென்று மனத்தில் நினைத்து இருக்கத் தொடங்கினேன். சொர்க்கவாசல் திறந்த அந்தக் கூட்டத்திலும் உங்கள் பெயரைத்தான் சொன்னேன். யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அடுத்த வீட்டுத் துக்கத்தைக் கேட்காமல் எடுத்து என் பூஜையில் வைத்துக்கொண்டது போல ஓர் உறுத்தல். நீங்கள் இருந்திருந்தால் கேட்டிருப்பேன். நீங்கள் இல்லாததால்தானே இந்த விரதமே.

மார்கழி முடியுமுன் நாற்பதாம் நாள் வந்தது. வீடு நிறைய ஆட்கள். சமையலறைப் பக்கம் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். அன்று உங்கள் அம்மா மேசையைப் பற்றிக் கேட்டுவிடுவாரோ என்று பயந்து, அவர் கண்ணில் படாமலே கிளம்பிவிட்டேன்.

அதன்பின் சங்கீதா என்னைத் தனியே அழைத்தாள். உங்கள் நாற்காலிக்கு வந்திருக்கும் நூலகர் அவள். லால்குடியிலிருந்து தினமும் ரயிலில் வருகிறாள். நல்ல பெண். உங்களைப்போல அதட்டத்தான் தெரியவில்லை.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பிரின்சிபால் மேடம் ரெண்டு தடவை கேட்டுட்டாங்க. மாசி பொறக்கறதுக்குள்ள மாத்தலைன்னா மேசையை எடுத்துட்டு டிவி மாட்டிடுவாங்களாம். நானே மாத்திடலாம்னு பாத்தேன். கிட்டப் போனாக் கை வரல. அந்தக் குடையைப் பாத்தா ஏதோ இப்பத்தான் எந்திரிச்சுப் போயிருக்காங்க, வந்துடுவாங்கன்னு இருக்கு."

என் மனத்திலும் அதுதான். மாற்றினால் நீங்கள் வரமாட்டீர்கள் என்று நானே எழுதிக் கையெழுத்திட்டதாகிவிடும். மேசை போனாலும் போகட்டும், ஐப்பசியோடு போகட்டும் என்றுகூட ஒரு கணம் எண்ணினேன். "யோசிச்சுச் சொல்றேம்மா" என்றேன். யோசிக்கவில்லை.

தை மாத வளர்பிறை ஏகாதசியன்று மாலை உங்கள் வீட்டுக்குப் போனேன். ஏன் அன்று போகத் தோன்றியது என்று கேட்காதீர்கள். உங்கள் அம்மா பாயில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா, உக்காரு. டீ போடட்டுமா?"

"வேண்டாங்கம்மா. இன்னைக்கு ஏகாதசி. தண்ணிதான்."

அவர் என்னையே பார்த்தார். "நீயும் ஒண்ணும் சாப்பிடலியா? நானும்தான். இன்னைக்கு நூரு போன பிறைம்மா. பத்தாம் பிறை. மாசா மாசம் இந்தப் பிறைக்கு யாசீன் ஓதிட்டு உக்காந்தா, அதுக்கு மேல சோறு எறங்க மாட்டேங்குது."

பாயில் அவர் எதிரே உட்கார்ந்தேன். பிறகு சொன்னேன். "அவங்க போனது ஏகாதசி அன்னைக்குத்தாங்கம்மா. ரெண்டு மாசமா இந்த விரதத்தை அவங்களுக்குன்னு நெனைச்சுத்தான் இருக்கேன். உங்ககிட்ட சொல்லலாமா கூடாதான்னு தெரியாம…"

கோபித்துக்கொண்டாரோ என்று பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. உங்கள் சிரிப்பு யாருடையது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அவ இருந்தா இதையும் கொண்டுபோயி மேசையில வெச்சிருப்பா" என்றார்.

இருவரும் சிரித்தோம். சிரித்து முடியுமுன் அவர் கேட்டுவிட்டார். "இப்ப மேசையில என்னம்மா இருக்கு?"

"ஐப்பசிதாங்கம்மா. எனக்கு மாத்த மனசு வரல. அவங்க கையால வெச்சது."

என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ அதை அவ ஞாபகமா வெச்சிருக்கே. எனக்கு ஐப்பசின்னா அவ ஆஸ்பத்திரியில கெடந்த மாசம்மா. ஊசி போட்டுப் போட்டு அவ கையெல்லாம் கன்னிப்போன மாசம். நீ வந்து ஐப்பசின்னு சொல்றப்பல்லாம் மறுபடி அந்தக் கட்டில்கிட்டப் போயி நிக்கிறேன். என்னை அங்கேருந்து வெளியில கூட்டிட்டு வந்துடும்மா."

நான் உங்களைக் காத்துவைத்திருப்பதாக எண்ணியிருந்தேன், நூர். உங்கள் அம்மாவை அந்தக் கட்டிலருகே நிற்கவைத்திருக்கிறேன். ஒரு மேசையை மாற்றாமல் விட்டதற்கு இப்படியும் ஒரு பொருள் இருக்கும் என்று எந்த அலமாரியிலும் எழுதியிருக்கவில்லை.

மறுநாள் காலை துவாதசிப் பாரணை உண்டு விரதத்தை முடித்துக்கொண்டு, கடையைத் திறக்காமல் நேரே நூலகத்துக்கு வந்தேன். "நான் எடுக்கட்டுமாக்கா?" என்றாள் சங்கீதா. வேண்டாம் என்றேன். ஒவ்வொரு புத்தகமாக எடுத்துத் துடைத்து, அதனதன் அலமாரியில் நானே கொண்டுபோய் வைத்தேன். புத்தகங்கள் இருந்த இடம் மட்டும் தூசியில்லாமல், அவற்றின் வடிவத்திலேயே மேசையில் தெரிந்தது. அதைத் துடைக்கத்தான் நேரம் பிடித்தது. குடையின் இரண்டாவது கம்பியை மாற்றி முடித்தபோது என்னைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு மாணவிகள் நின்றிருந்தார்கள். நான் அறிவிப்பு எதுவும் செய்யவில்லை. அன்று மாலையே குடை உங்கள் அம்மாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

மாசிக்கான புத்தகங்களைத் தேட மேலும் சில நாட்கள் ஆயின. இந்த மாசியில் உங்கள் விருந்தாளி வருகிறார்; ரமலான் நோன்பு வருகிறது. ஆகவே இடப்பக்கம் மாசி மகமும் நோன்பும். அவற்றின் நடுவே பஞ்சாங்கத்தையும், பள்ளிவாசலில் கொடுக்கும் பிறைக் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, நிலவின் சுழற்சியை விளக்கும் இயற்பியல் நூல் ஒன்றைச் சேர்த்துவைத்தேன். உங்கள் அம்மாவின் பத்தாம் பிறையும் என் ஏகாதசியும் ஏன் ஒரே நாளில் வந்தன என்பது அதில் விளங்குகிறது. இரண்டும் ஒரே நிலவைப் பார்த்துப் போட்ட கணக்குகள். சில மாதங்களில் ஒருநாள் முன்பின்னாகும். விலகிப் போய்விடாது. வலப்பக்கம், வெயில் வரப்போகிறது என்பதால், சீலிங் ஃபேன் பழுதுபார்ப்பது.

முதல்நாளே இரண்டு பெண்கள் மேசையருகில் சண்டை பிடித்தார்கள்.

"ஒரே நிலாதானே? அப்புறம் எதுக்குடி ஒருநாள் முன்னப் பின்ன?"

"நீங்க கணக்குப் போட்டுத் தெரிஞ்சுக்குறீங்க. நாங்க கண்ணால பாத்தாத்தான் ஒத்துப்போம்."

"ஆமா, பாக்குறாங்க! உங்கண்ணன் போன தடவை பிறைச் சேதி வாட்ஸ்அப்ல வர்ற வரைக்கும் மொட்டை மாடியில நின்னு செல்ஃபி எடுத்துக்கிட்டிருந்தான்."

சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் ஆளுக்கொரு புத்தகத்தைப் பதிவுசெய்து எடுத்துப் போனார்கள். பிரின்சிபால் அம்மையாரும் ஒருநாள் வந்து நின்றார். காலண்டர்களைப் பார்த்தார், பலகையில் இருந்த என் அறிவிப்பை முழுவதும் படித்தார். "எங்க வீட்டு ஃபேன் சுத்துறதே தெரியல, இதைப் பாத்து நானே சரி பண்ணிடலாமா?" என்று கேட்டு, ஃபேன் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி, "டிவியைப் பங்குனிக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அவ்வளவுதான் உறுதி. பங்குனிக்குப் பிறகு என்னவாகும் என்று எனக்குத் தெரியாது.

மேசையை மாற்றி முடித்ததும், எப்படி இருக்கிறது என்று கேட்பதற்காகத் திரும்பினேன். பழக்கம். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு தலையைச் சாய்த்து நீங்கள் நிற்கும் இடத்தில் பிற்பகல் வெயில் மட்டும் விழுந்திருந்தது. நல்லதையெல்லாம் செய்துமுடித்த பிறகுதான் நீங்கள் இல்லை என்பது எனக்கு முழுமையாகத் தெரிகிறது. இது ஏன் என்று நான் யாரைக் கேட்பேன்?

ஆயினும் ஒரு வாக்குத் தருகிறேன். இந்த மாசியின் வளர்பிறை ஏகாதசி நோன்பு மாதத்துக்குள்ளேயே வருகிறது. அன்று மாலை உங்கள் வீட்டில் இருப்பேன். பாங்கு சொன்னதும் உங்கள் அம்மா பேரீச்சம்பழத்தை எடுத்துக்கொள்வார். எனக்கு மறுநாள் காலை வரை உணவில்லை. ஆகவே பேச நிறைய நேரம் இருக்கும். இடப்பக்கம் என்ன, வலப்பக்கம் என்ன, எந்தப் பெண் எதை எடுத்துப் போனாள் என்று ஒன்றுவிடாமல் சொல்வேன். நான் சொன்னால் அறிக்கை வாசித்ததுபோல் இருக்கும். உங்கள் அம்மா பொறுத்துக்கொள்வார். மேசையை எடுத்துவிட்டார்களானால் அலமாரியிலிருந்து புத்தகங்களை என் கையிலேயே எடுத்துப் படித்துவிட்டுப் போய்ச் சொல்வேன். நூலகம் என்னை வேண்டாமென்றால் என் கடையில் இருப்பவற்றைப் படித்துவிட்டுப் போவேன். ஒவ்வொரு மாதமும் அந்தப் பிறையில் நான் போய் உட்காருவேன். உங்கள் அம்மாவுக்கு மாதம் மாறும்.

இங்ஙனம்,
உங்கள் அம்மா வாம்மா என்று கூப்பிடும் குரலுக்கு இனி மாதந்தோறும் ஏன் என்று கேட்கும் உங்கள் அக்கா,
கோமளவல்லி
ஸ்ரீரங்கம்